கோயில் வாசல் கேள்விகள்

கே: புத்தாண்டு ஆராதனையில் எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டையாகக் கிடைத்தது. மார்ச் மாதமே வேலை போய்விட்டது. அட்டையை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?
– பாளையங்கோட்டை

ப: திருப்பிக் கொடுக்க வேண்டாம், அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். 10ஆம் வசனத்தை அச்சடித்தால் ஒரு அட்டையும் போணியாகாது. அதில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதே சமயத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். எரேமியா சொன்னது வேறு. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த ஊர் நன்றாக இருக்க ஜெபம் பண்ணுங்கள்.

அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் நரைத்த தலைகள் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். 11ஆம் வசனம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. ஆகவே அட்டை பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டது. பயோடேட்டாவை நாலு இடத்துக்கு அனுப்புங்கள். தோட்டம் போடுவது என்பதில் அதுவும் சேரும். பிடித்த வசனம் வராவிட்டால் அட்டையைச் சத்தமில்லாமல் தட்டில் திரும்ப வைத்துவிட்டு இன்னொன்றை உருவுகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். நீங்கள் வந்ததை வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். அதுவே பெரிய விசுவாசம்.

கே: ஜெபிக்கும்போது தூக்கம் தூக்கமாக வருகிறது. சத்துருவின் தந்திரமா?
– சாத்தான்குளம்

ப: இரவு பதினொன்றரைக்கு சீரியல் முடிந்தபின் முழங்கால் போடுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சத்துருவுக்கு இதில் வேலையே இல்லை. கெத்செமனேயில் மூன்று அப்போஸ்தலரும் தூங்கினார்கள். எழுப்பியவரே, உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று அவர்களுக்காகப் பரிந்தும் பேசினார். நேரத்தை மாற்றுங்கள்.

கே: மகனுக்குப் பெண் பார்க்கிறோம். நாங்கள் எதுவும் கேட்கவில்லை, அவர்களாகவே நகை போடுகிறார்கள். வேதத்தில் இதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லையே?
– மார்த்தாண்டம்

ப: அவர்களாகவே போடுகிறார்கள், சரி. எத்தனை பவுன் என்பது மண்டபம் பிடிப்பதற்கு முன்பே உங்கள் வீட்டில் எல்லாருக்கும் எப்படித் தெரிந்தது?

வேதத்தில் தேடினால் உங்களுக்குத்தான் வம்பு. ஆதியாகமம் 24இல் ஆபிரகாமின் ஊழியக்காரன் பத்து ஒட்டகங்களோடு பெண் தேடிப் போகிறான். கிணற்றடியிலேயே ரெபெக்காளுக்குத் தங்கக் காதணியும் பத்துச் சேக்கல் எடையில் இரண்டு கடகமும் கொடுக்கிறான். வீட்டுக்குப் போய் அவளுடைய சகோதரனுக்கும் தாய்க்கும் தனியாகச் செய்கிறான். அத்தனையும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. யாக்கோபின் கையில் காசில்லை. ராகேலுக்காக ஏழு வருஷம் மாமன் வீட்டு ஆடு மேய்த்தான், ஏமாற்றப்பட்டு இன்னும் ஏழு வருஷம் மேய்த்தான். தாவீதிடம் சவுல் கேட்ட பரிசம் என்ன என்பதை இந்தப் பக்கத்தில் அச்சிட முடியாது. 1 சாமுவேல் 18ஐப் பிள்ளைகள் தூங்கியபின் படித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து வழக்கமும் ஒன்றும் ஒசத்தி இல்லை. அப்பா எங்களை விற்றுச் சாப்பிட்டுவிட்டார் என்று ராகேலும் லேயாளும் 31ஆம் அதிகாரத்தில் பொருமுகிறார்கள். பெண்ணை நடுவில் வைத்துப் பணம் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பொருமல் மிஞ்சும். போகட்டும், நாட்டுச் சட்டமாவது தெரியுமல்லவா? 1961ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டத்தில் கேட்பது மட்டுமல்ல, வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் நிறுத்துகிறார். சபை முழுக்க அந்தப் பவுன் கணக்கு தெரியும், ஒருவரும் எழுந்ததில்லை.

நிஜமாகவே நீங்கள் கேட்கவில்லை என்றால், எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது உங்கள் வீட்டுக்காரரின் முகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: காலை நாலரைக்கு எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, ஏழே காலுக்கு பஸ் பிடிக்கிறேன். தினமும் ஒரு மணி நேரம் கர்த்தரோடு தனித்திருக்காதவள் ஆவிக்குரியவள் அல்ல என்று பெண்கள் ஐக்கியத்தில் செய்தி கொடுத்தார்கள். அழுகை வந்துவிட்டது.
– நாகர்கோவில்

ப: செய்தி கொடுத்தவர் ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. ஆண் என்றால், அன்றைக்கு அவருக்குக் காலைச் சாப்பாடு யார் எடுத்து வைத்தார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் கர்மேல் சபை மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். போரில் கால் ஊனமான பழைய சிப்பாய். படிப்பு இல்லாததால் குருப்பட்டம் இல்லை, அடுப்படி வேலை. அதுவும் அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை. பல வருஷம் அங்கேதான் கழித்தார், பிறகு செருப்பு தைத்தார். பத்துப் பேர் பத்துச் சாமான் கேட்டுச் சத்தம் போடும் அடுப்படியிலும் நற்கருணைக்கு முன் முழங்காலில் இருக்கும்போதும் தேவன் தனக்கு ஒரே தூரத்தில்தான் என்றார். முதலில் சில வருஷங்கள் மனம் அலைந்ததாகவும், அலையும்போதெல்லாம் திரும்பக் கூட்டிவந்து நிறுத்தியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். 1691இல் அவர் இறந்தபின் பேச்சுகளையும் கடிதங்களையும் சேர்த்துப் புத்தகம் போட்டார்கள். அந்த மடத்தில் தனித்திருக்க நேரம் கிடைத்த எத்தனையோ பேரை இன்று யாருக்கும் தெரியாது.

ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னாவுக்குப் பத்தொன்பது பிரசவம், பாதிப் பிள்ளைகள் தக்கவில்லை. ஏப்ரனைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டால் அம்மா ஜெபிக்கிறாள், கிட்டே போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். நீங்கள் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்துக் கண்ணை மூடுங்கள். வீட்டுக்காரர் மூன்றில் ஒரு டிபன் பாக்ஸைக் கட்டினாலும் பத்து நிமிஷம் மிஞ்சும். ஆண்கள் ஐக்கியத்தில் அதைப் பற்றிச் செய்தி கொடுக்க ஆள் தேவை. யாராவது இருந்தால் எழுதலாம்.

கே: கிறிஸ்தவர்கள் சினிமா பார்க்கலாமா? கெட்ட சகவாசம் கூடாது என்று பவுல் சொல்லியிருக்கிறாரே.
– தேனி

ப: சொல்லியிருக்கிறார், 1 கொரிந்தியர் 15இல். அந்த வாக்கியம் மெனாண்டர் என்ற கிரேக்க நாடகக்காரருடையது என்று வேத அறிஞர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். காமெடி நாடகம் எழுதியவர். பவுல் எந்தக் கொட்டகையில் கேட்டாரோ, நான் விசாரிக்கப் போவதில்லை.

கே: “ரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, எங்கள் சாதியைச் சேர்ந்த மணமகள் தேவை.” போன வாரம் பார்த்த விளம்பரம். உங்கள் கருத்து?
– மதுரை

ப: வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார்கள். முதல் மூன்று வார்த்தைகளை எடுத்துவிட்டால் பணம் மிச்சம். தேவைப்படும் விஷயத்தில் ஒரு குறையும் வராது.

இது நேற்று வந்த வியாதி இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் இனி கூடாது, ஒரே பந்தி, ஒரே பாத்திரம் என்று தென்னிந்திய சபைகளுக்கு உத்தரவு எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே எழுந்து போனார்கள். அப்பமும் ரசமும் வேண்டும், ஆனால் அந்தக் கிண்ணத்தில் யார் வாய் முதலில் பட்டது என்பது தெரிய வேண்டும். அந்த உத்தரவுக்கு இருநூறு வருஷம் ஆகப்போகிறது. கிண்ணம் இன்று பொதுவாகிவிட்டது. கல்யாணப் பேச்சும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டமும் பொதுவாகவில்லை. உயிர்த்தெழுதல் அன்றைக்கு எக்காளம் இரண்டு தடவை ஊதுவார்கள் என்று எதிர்பார்க்கிறார்களோ என்னவோ.

கே: எங்கள் தெருவில் ஒரு சபை. வெள்ளிக்கிழமை இரவு ஒலிபெருக்கி தெரு முழுக்க அலறுகிறது. நானும் விசுவாசிதான். கேட்டால் ‘ஆவியானவரை அணைக்காதே’ என்கிறார்கள்.
– அம்பத்தூர்

ப: ஆவியானவரை யார் அணைக்கச் சொன்னது? ஆம்ப்ளிஃபையரை அணைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் சென்னையிலேயே ஒரு குடியிருப்பு நலச் சங்கத்துக்கும் ஒரு சபைக்கும் இதே தகராறு வந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்டில் தீர்ப்பு. அக்கம்பக்கத்தார் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அதே வருஷம் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது.

கோர்ட்டு வேண்டாம், வேதம்தான் வேண்டும் என்றால் கர்மேல் மலைக்கு வாருங்கள். அங்கே காலையிலிருந்து மத்தியானம் வரை கத்தியவர்கள் பாகாலின் 450 தீர்க்கதரிசிகள். உங்கள் சாமி தூங்குகிறார் போலிருக்கிறது, இன்னும் சத்தமாகக் கூப்பிடுங்கள் என்று கேலி செய்தவர் எலியா. அவருடைய சொந்த ஜெபம் இரண்டே வசனம். அதற்குத்தான் அக்கினி இறங்கியது. சபையார் தாங்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்பதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

வழக்குப் போடுவதற்கு முன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வைத்திருக்கும் இரண்டு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு பாஸ்டர் வீட்டுக்குப் போய்வாருங்கள். பாஸ்டர் கேட்காவிட்டாலும் பாஸ்டரம்மா கேட்பார்கள்.

கே: பைபிளைத் திறந்த ஐந்தாவது நிமிஷம் கை தானாக மொபைலுக்குப் போகிறது. நிமிர்ந்து பார்த்தால் ரீல்ஸில் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. இது கடைசிக் காலத்துப் பிசாசா?
– கல்லூரி மாணவர், கோவை

ப: பிசாசு பழசு, மொபைல்தான் புதுசு. நாலாம் நூற்றாண்டில் எவாக்ரியஸ் என்று ஒரு துறவி எகிப்துப் பாலைவனத்தில் இருந்தார். அங்கே வருவதற்கு முன் கான்ஸ்டாண்டிநோபிளில் பேர்பெற்ற பேச்சாளர். ஒரு பெரிய அதிகாரியின் மனைவி மேல் மனம் போய்விட்டது என்று தெரிந்ததும் ஊரே வேண்டாமென்று கப்பலேறியவர். மனித மனத்தின் சில்மிஷங்கள் அவருக்கு அத்துப்படி.

எல்லாப் பேய்களிலும் மோசமானது நண்பகல் பேய் என்று அவர் எழுதிவைத்தார். காலை பத்து மணிவாக்கில் வருமாம். சூரியன் நகரவே நகராது, பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றும். துறவி ஜன்னலைப் பார்ப்பார். எழுந்து வெளியே போய், சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலை அளப்பார். பக்கத்துக் குடிசையிலிருந்து யாராவது பேச வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். பிறகு, இங்கே யாருக்கும் என் மேல் அன்பில்லை, வேறு இடத்துக்குப் போனால் நன்றாக வளரலாம் என்று நினைப்பு ஓடும். யாராவது வருகிறார்களா என்று பார்ப்பது நோட்டிஃபிகேஷன். வேறு இடம் போனால் நன்றாக இருக்கும் என்பது அடுத்த ரீல்.

அவர் சொன்ன மருந்து சப்பென்று இருக்கும்: குடிசையைவிட்டு வெளியே போகாதே, அவ்வளவுதான். இடத்தைவிட்டு எழாமல் பொறுமையாக உட்கார்ந்திரு என்கிறார். அந்தத் துறவிகள் கைக்கு வேலையாகப் பனையோலை முடைந்தார்கள். உங்களுக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும், வாசிக்கும் பகுதியைக் கையால் எழுதுங்கள். மொபைலை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். பைபிளே மொபைலில்தான் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். பைபிள் சங்கம் இன்னும் காகிதத்தில் அச்சடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

கே: அசன விருந்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பார் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. தாழ்மைக்கு இதுதான் பலனா?
– மெய்ஞ்ஞானபுரம்

ப: லூக்கா 14இல் விருந்துக்குப் போனால் தாழ்ந்த இடத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறது. தாழ்ந்த பந்தியில் கறி இருக்கும் என்று எங்கும் சொல்லவில்லை.

கே: எங்கள் ஐயர் போன ஞாயிறு “முடிவாக” என்று சொன்னவர், உண்மையிலேயே முடித்துவிட்டார். சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்திருக்குமோ?
– நாசரேத்

ப: யார் எழுதியதாக இருந்தாலும் முடித்ததற்கு நன்றி சொல்லுங்கள்.

அடுத்தவர் எழுதியதைப் படிப்பது ஆங்கிலிக்கன் வழிவந்த சபைகளுக்குப் புதுசு இல்லை. 1547இல் இங்கிலாந்தில் பிரசங்கம் பண்ணத் தெரியாத குருமார் ஏராளம். பேராயர் கிரான்மர் பன்னிரண்டு பிரசங்கங்களைத் தொகுத்து அச்சடித்து, வாரா வாரம் இதைப் படியுங்கள் போதும் என்று அனுப்பினார். ஆக, ரெடிமேட் பிரசங்கத்துக்கு ஐந்நூறு வருஷப் பாரம்பரியம் இருக்கிறது. யந்திரத்தின் சிக்கல் வேறு. உங்கள் சேகரத்தில் அந்த வாரம் யார் வீட்டில் சாவு, எந்தப் பையன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறினான், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு ஸ்கேனில் என்ன வந்தது, ஒன்றும் அதற்குத் தெரியாது. ஐயருக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் அவரே சொந்தமாக எழுதினாலும் அது யந்திரம் எழுதினதுதான். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: ஐயர் இந்த வாரம் எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்?

கே: திருமண்டலத் தேர்தலில் இரண்டு அணிக்காரர்களும் வந்து “எங்களுக்காக ஜெபியுங்கள்” என்கிறார்கள். என்ன ஜெபிப்பது?
– தூத்துக்குடி

ப: அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தில் யூதாசின் இடத்துக்கு இரண்டு பேரை நிறுத்திச் சீட்டுப் போட்டார்கள். மத்தியா பேருக்கு விழுந்தது. தோற்றுப்போன பர்சபா யோசேப்பு ஐகோர்ட்டில் தடை வாங்கியதாக அடுத்த அதிகாரத்தில் இல்லை. இரண்டு அணிக்கும் பர்சபாவின் ஆவி இறங்க ஜெபியுங்கள்.

கே: நான் தொட்டில் காலத்திலிருந்தே கோயிலுக்குப் போகிறவள். குடி, சூது, ஒரே இரவில் மனமாற்றம் என்று சொல்ல என்னிடம் எதுவுமில்லை. சாட்சி நேரத்தில் கூச்சமாக இருக்கிறது.
– திருச்சி

ப: பாவத்தை இருபது நிமிஷமும் இரட்சிப்பை இரண்டு நிமிஷமும் சொல்லும் சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு வந்த கூச்சம் இது. ‘அமேசிங் கிரேஸ்’ எழுதிய ஜான் நியூட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1748இல் புயலில் கப்பல் மூழ்கப்போனபோது கடவுளைக் கூப்பிட்டார், அன்றே மாறினார் என்று மேடையில் சொல்லி முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குத் தலைவரானார்! மேல்தளத்தில் ஆராதனை நடத்தினார், கீழ்த்தளத்தில் விலங்கு பூட்டிய ஆப்பிரிக்கர்கள். 1754இல் கடலைவிட்டது மனசாட்சி உறுத்தி அல்ல, உடம்பு படுத்ததால். குருவானவராகி, அந்தப் பாட்டும் எழுதி, கடைசியில் 1788இல்தான் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் புத்தகம் போட்டுத் தன் பங்கை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். புயலிலிருந்து நாற்பது வருஷம்.

அதனால் ஒரே இரவு கதைகளைக் கேட்டு நீங்கள் மிரள வேண்டாம். போன வருஷம் பேசாமலிருந்த நாத்தனாரோடு இந்த வருஷம் பேசிவிட்டீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள். சபையில் பாதிப் பேருக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

கே: மகன் பெங்களூரில் ஐ.டி. வேலை. கோயில் பக்கமே போவதில்லை. தினமும் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறேன். நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை.
– ஒரு தாய், வேலூர்

ப: நீல டிக்காவது வருகிறதே அம்மா. அகஸ்டீன் தன் தாய் மோனிக்காவிடம் நண்பனை வழியனுப்பப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, அவள் கார்த்தேஜ் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கோயிலில் ஜெபித்துக்கொண்டிருந்த இரவிலேயே ரோமுக்குக் கப்பலேறிவிட்டார். அந்தக் காலத்து பிளாக்.

அதற்கு முன் ஒரு பேராயரிடம் போய், என் மகனோடு பேசித் திருத்துங்கள் என்று மோனிக்கா மன்றாடினாள். அவர் மாட்டேன் என்றார். உன் மகன் போய்ச் சேர்ந்திருக்கும் அதே கூட்டத்தில் நானும் சின்ன வயதில் வளர்ந்தவன்தான், படித்துப் படித்து நானாகவே வெளியே வந்தேன், அவனை விடு, ஜெபம் மட்டும் பண்ணு என்றார். அவள் விடவில்லை, அழுதாள். அவருக்குச் சலிப்பு வந்து, போம்மா, இவ்வளவு கண்ணீருக்குச் சொந்தமான பிள்ளை கெட்டுப்போகாது என்று அனுப்பிவைத்தார். அகஸ்டீனே பிற்பாடு எழுதியது இது. 387 ஈஸ்டரில் மிலானில் ஞானஸ்நானம் எடுத்தார். அதே வருஷம் மோனிக்கா இறந்துபோனாள்.

பேராயரின் முதல் யோசனை நல்ல யோசனை. வசனத்தை அவனுக்கு அனுப்புவதற்குப் பதில் அவன் பெயரை ஆண்டவருக்கு அனுப்புங்கள். அவனிடம் சாப்பிட்டாயா, சம்பளம் மிஞ்சுகிறதா, முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இதற்குப் பதில் வரும்.

கே: ஊழியக்காரர் வசதியாக இருந்தால்தானே தேவனுக்கு மகிமை? எங்கள் போதகர் புதுக் கார் வாங்கியதைச் சிலர் குறை சொல்கிறார்கள்.
– ஓசூர்

ப: கார் வாங்கட்டும், கடன் தவணையும் கட்டட்டும். பவுலின் கடைசிக் கடிதம் என்று சொல்லப்படும் 2 தீமோத்தேயுவைப் பாருங்கள். ஜெயிலில் இருக்கிறார், குளிர்காலம் வருகிறது. துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியையும், புஸ்தகங்களையும், தோல்சுருள்களையும் எடுத்துவா என்று எழுதுகிறார். புது மேலங்கி வாங்கவும் ஆள் இல்லை. மகிமைக்கு ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

கே: காணிக்கைப் பையில் கிழிந்த நோட்டு போட்டால் தப்பா? பணம் பணம்தானே, வங்கியில் மாற்றிக்கொள்ளலாமே.
– தஞ்சாவூர்

ப: மாற்றலாம். மாற்ற அலையப்போவது நீங்கள் இல்லை, பொருளாளர். மளிகைக்கடையில் வாங்க மாட்டேன் என்றார்கள், பெட்ரோல் பங்கில் திருப்பிக் கொடுத்தார்கள், அதன்பிறகுதானே அந்த நோட்டுக்கு ஆவிக்குரிய அழைப்பு வந்தது? நொண்டியும் குருடுமான ஆட்டைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களிடம் மல்கியா சண்டைக்குப் போகவில்லை. இதையே உங்கள் அதிபதியிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், வாங்கிக்கொள்கிறானா என்றுதான் கேட்டார். உங்கள் ஊர் மின்கட்டணக் கவுண்டர் திங்கட்கிழமை காலையில் திறந்திருக்கும். நீட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.